சித்திரக் கதைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி வேண்டும்

ஊரிலிருந்து வரும் சூட்கேஸில் என்னென்ன இருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். முறுக்கு, மிளகாய்த்தூள், தைக்கக் கொடுத்த பிளவுஸ், புடவைகளுக்கு அடியில் நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு அமர் சித்திர கதா. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லண்டனிலோ டொராண்டோவிலோ சிட்னியிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பல பேர் வீட்டுக்கு அர்ஜுனனும் அனுமனும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்கு அப்பா அம்மா. இப்போ சூட்கேஸ்கூட வேண்டாம். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பெட்டியாக வந்து இறங்கும். போனிலேயே படிக்கலாம்.

அதனால் இந்தப் பத்திக்கு வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. "வாங்கலாமா? எந்த வயசுல குடுக்கலாம்? இங்கிலீஷா, தமிழா? அதுல சில விஷயங்கள் பழமையா இருக்கே, பரவாயில்லையா?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: வாங்குங்க. மற்றதைக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம்.

இது யாருக்காக வந்தது?

அமர் சித்திர கதாவைத் தொடங்கியவர் அனந்த் பை. கர்நாடகத்தின் கார்கலாவில் 1929-ல் பிறந்தவர். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸில், அதாவது பேண்டம் கதைகளில், வேலை பார்த்தவர். 1967-ல் டெல்லியில் ஒரு கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் வினாடி வினா பார்த்தாராம். கிரேக்கக் கடவுள்களைப் பற்றிச் சட்டென்று பதில் சொன்ன கல்லூரி மாணவர்களுக்கு, ராமனின் அம்மா பெயர் தெரியவில்லையாம். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அதே வருஷம் இந்தியா புக் ஹவுஸ் மூலம் வரிசை ஆரம்பமானது.

இதில் ஒரு வேடிக்கை. முதல் 10 எண்களும் இந்தியக் கதைகளே கிடையாது. சிண்ட்ரெல்லா, பினோக்கியோ போன்ற மேல்நாட்டுக் கதைகள்தான் கன்னடத்தில் வந்தன. ராம் வயீர்கர் வரைந்த 'கிருஷ்ணா' வந்தபோது அதன் எண் 11. பழைய பிரதி வைத்திருப்பவர்கள் அட்டையைப் பார்த்து, "ஒண்ணாம் நம்பர் எங்கே போச்சு?" என்று யோசித்திருப்பீர்கள். அங்கேதான் போச்சு.

அந்த டிவி கதையை நம்ம பக்கமிருந்து பாருங்க. நகரத்தில், ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற, பாட்டியோடு இல்லாமல் தனி பிளாட்டில் வளர்கிற பிள்ளைகளை மனசில் வைத்துத்தான் பை இதைச் செய்தார். அந்தப் பிள்ளைக்கும் பர்மிங்காமில் வளர்கிற நம்ம பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தப் புத்தகங்கள் வெளிநாட்டு வீடுகளில் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பலனும் நிஜமானது. 32 பக்கத்தில் ஒரு கதை முழுசாக முடிகிறது. யாருக்கு யார் அண்ணன், யார் யாருக்குச் சாபம் கொடுத்தார் என்பது படத்தோடு மண்டையில் நிற்கிறது. 42 இதழ்களாக வந்த மகாபாரதத்தை விடுமுறையில் தரையில் பரப்பி வைத்துப் படித்து முடிக்கிற ஒன்பது வயசுக்காரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். புராணம் மட்டுமில்லை, அம்பேத்கர் இருக்கிறார், பாரதியார் இருக்கிறார், கபீர் இருக்கிறார். இதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஊரில் நாலு வாய், இங்கே ஒரே வாய்

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஊரில் ஒரு கதை பிள்ளையின் காதில் ஒரே வழியாக விழுவதில்லை. பாட்டி ஒரு மாதிரி சொல்வாள். கோயில் பிரசங்கத்தில் வேற மாதிரி. கூத்தில் இன்னொரு மாதிரி. பழைய சினிமாவில் சிவாஜி கணேசன் அவர் பாட்டுக்கு ஒரு மாதிரி. நம் அப்பா அம்மா தலைமுறைக்கு அம்புலிமாமாவும் இருந்தது. 1947-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில், தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்து வரைந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டார். இத்தனைக்கும் நடுவில் ஒரு காமிக்ஸ் புத்தகம் வந்தால், அது பத்தோடு பதினொன்று. பிள்ளை தானாகவே, "பாட்டி இப்படிச் சொல்லலியே!" என்று கேட்கும்.

இங்கே பாட்டி வாட்ஸ்அப்பில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு தரம், "சாப்பிட்டியா கண்ணு?" என்பதோடு முடிகிறது. கூத்து இல்லை. கோயில் இருந்தாலும் பிரசங்கம் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் இல்லை. ஆக, புத்தகத்தில் இருக்கும் படம்தான் கண்ணகி, அதுதான் கர்ணன், அதுதான் ராவணன். வேறு ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே பிள்ளைக்கு வராது.

எழுத்தை விடப் படம் இந்த விஷயத்தில் பலமானது. கதையைக் காதால் கேட்கும்போது ராவணனுக்கு ஒரு முகத்தைப் பிள்ளையே போட்டுக்கொள்ளும். வரைந்து கொடுத்துவிட்டால் அந்த வேலை இல்லை. ஓவியர் போட்ட முகம்தான் முகம்.

அசுரனுக்கு ஏன் அந்த நிறம்?

என் மகளுக்கு ஆறு வயசு இருக்கும்போது, புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டாள்: "அம்மா, இந்த கெட்டவர் ஏன் தாத்தா கலர்ல இருக்கார்?"

ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். நந்தினி சந்திரா, கார்லைன் மெக்லேன் இருவரும் இந்த வரிசையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். நாயகன், நாயகி என்றால் வெளுத்த நிறம், கூர்மையான மூக்கு. அசுரன், அரக்கன், காட்டுவாசி என்றால் கருத்த நிறம், பெருத்த உடம்பு. பழைய இதழ்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் ஓடுகிறது. ஓவியர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காலண்டர் படம், சினிமா போஸ்டர், பேண்டம் காமிக்ஸ் எல்லாம் கலந்து வந்த கை அது.

ஆனால் சென்னையில் படிக்கிற பிள்ளையைச் சுற்றிக் கருத்த முகங்கள் ஆயிரம் இருக்கும். டீச்சர், டாக்டர், பஸ் டிரைவர், அத்தை, மாமா. நம்ம பிள்ளை வகுப்பிலேயே கருத்த பிள்ளை அது ஒன்றுதான் என்று இருக்கலாம். வெளியே பார்த்துவிட்டு வந்து "நம்ம" புத்தகத்தைத் திறந்தால், அங்கேயும் தன் நிறம் அசுரன் பக்கம். இது சின்ன விஷயம் இல்லை.

அன்றைக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். "வரைஞ்சவர் அப்படி நினைச்சுட்டார். கதை அப்படிச் சொல்லலை. கிருஷ்ணன்னாலே கறுப்புன்னு அர்த்தம். தமிழ்ல அவரைக் கார்வண்ணன்னு சொல்வோம், மழை மேகம் மாதிரி நிறம்னு. திரௌபதிக்கு இன்னொரு பேரே கிருஷ்ணை. அவளும் கறுப்புதான், அழகிதான்." அதுக்கப்புறம் கலர் பென்சில் எடுத்து, கறுப்புத் திரௌபதி ஒன்று வரையச் சொன்னேன். கூந்தல் மட்டும் ஒரு முழுத் தாளுக்குப் போனது.

புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்துப் பேசினால் போதும்.

கண்ணகியை எடுத்துக்கொள்வோம்

அமர் சித்திர கதாவில் தமிழ்க் காவியம் என்று சொல்லி வந்தவற்றில் 'கண்ணகி' முக்கியமானது. பல வீடுகளில் பிள்ளைகள் அறிந்த ஒரே சிலப்பதிகாரம் அதுதான். 3 காண்டம், 30 காதை கொண்ட காவியத்தை 32 பக்கத்தில் அடக்கினால் எதையாவது விட்டுத்தானே ஆகணும். எதை விடுகிறோம் என்பதில்தான் கதையே மாறுகிறது.

எல்லோருக்கும் தெரிந்தது இது. கோவலன், மாதவி, சிலம்பு, பொற்கொல்லன், பாண்டியன், எரியும் மதுரை. உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தது, அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. ஒரு பெண் ஆதாரத்தோடு அரசவையில் நின்று அரசனைத் தப்பு என்று நிரூபித்த கதை. எட்டு வயசுப் பிள்ளைக்கு இது மிகவும் பிடிக்கும். துப்பறியும் கதை மாதிரி.

ஆனால் இளங்கோ அங்கே நிறுத்தவில்லை. கண்ணகி மதுரையை விட்டு நடந்து சேர நாட்டு மலைக்குப் போகிறாள். வேங்கை மர நிழலில் நிற்கும் அவளைக் குன்றக் குறவர்கள் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லித்தான் சேரன் செங்குட்டுவனுக்கே விஷயம் தெரிகிறது. அவன் இமயம் வரை போய்க் கல் கொண்டுவந்து கோயில் கட்டுகிறான். அந்த விழாவுக்கு வந்த அரசர்களில் இலங்கையின் கயவாகுவும் ஒருவர். மாதவி கெட்டவளாகக் கதையை விட்டு ஓடவில்லை. கோவலன் இறந்த செய்தி கேட்டுத் துறவியாகிறாள். அவள் மகள் மணிமேகலை அமுதசுரபியோடு ஊருக்கெல்லாம் சோறு போடுகிறாள். உங்கள் வீட்டுப் புத்தகத்தில் இதில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்க. நல்ல விளையாட்டு அது.

இனி இன்னொரு பக்கம். என் மாமியாருக்கு ஊர் மட்டக்களப்பு. பேரன் காமிக்ஸைக் காட்டி, "அப்பம்மா, இது கண்ணகி ஸ்டோரி" என்றபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுல பாதிதான் கிடக்கு மகன். அவ மாங்கனியா வந்து பிறந்தவ எண்டு இவையளுக்குத் தெரியாதோ?"

பையன் கண் விரிந்துவிட்டது. மாம்பழத்திலிருந்தா?

கிழக்கிலங்கையின் 'கண்ணகி வழக்குரை' மரபில் கதை அங்கிருந்துதான் புறப்படுகிறது. பாண்டியனுக்கு நெற்றியில் ஒரு கண். அவன் அட்டகாசத்தை அடக்க, அம்மன் அவன் சோலையிலேயே மாங்கனியாக வந்து காய்க்கிறாள். சிலம்பில் போட நாகமணி வேண்டும் என்று கடலோடிப் போகிற கதை வருகிறது. மீகாமன் கப்பலோடு போய் வெடியரசனோடு சண்டை போட்டு மணி கொண்டு வருகிறான். ஒரு முழு அட்வென்ச்சர் காமிக்ஸுக்கு ஆகும் சரக்கு. வைகாசி மாதம் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, இரவிரவாக இந்த வழக்குரையைப் படிப்பார்கள். கடைசியில் 'குளிர்த்தி'. மதுரையை எரித்துவிட்டுக் கோபத்தோடு வந்தவளை ஊரே கூடிக் குளிர வைக்கிற சடங்கு. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கு எரிக்கிறார்கள்.

சிங்கள மக்கள் இதே தெய்வத்தைப் பத்தினி என்று கும்பிடுகிறார்கள். அவர்கள் கதையிலும் மாங்கனி உண்டு. கேரளத்தில் ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகி என்றே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிராமங்களில் படித்துவந்த கோவலன் கதைப் பாடலில் அவள் காளியின் அவதாரம்.

இதில் எது சரி என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். "இளங்கோவடிகள் எழுதினது ஒண்ணு, அப்பம்மா ஊர்ல பாடுறது ஒண்ணு, புத்தகத்துல வரைஞ்சது ஒண்ணு. உனக்கு எது பிடிச்சிருக்கு, ஏன்?" என்று திருப்பிக் கேளுங்க. என் மகன் குளிர்த்தியைத் தேர்ந்தெடுத்தான். எரிந்த ஊருக்குப் பிறகு என்ன ஆச்சு என்று யாராவது யோசித்தார்களே என்பது அவன் காரணம்.

ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது கூடுதலாக முக்கியம். மும்பையில் தயாராகும் புத்தகங்களில் மட்டக்களப்பும் முல்லைத்தீவும் வருவதற்கு வாய்ப்புக் குறைவு. அந்தப் பாதியை வைத்திருப்பவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தான்.

கதையா, நடந்ததா?

அடுத்த சிக்கல் வரலாறு. அமர் சித்திர கதாவில் அனுமனும் அக்பரும் ஒரே அளவில், ஒரே மாதிரிப் படத்தோடு, ஒரே அலமாரியில் வருகிறார்கள். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பத்மினி ஒரு நல்ல உதாரணம். அலாவுதீன் கில்ஜி சித்தோரைப் பிடித்தது 1303-ல். இது நடந்தது. பத்மினியின் கதையைச் சொல்லும் ஜாயசியின் 'பத்மாவத்' எழுதப்பட்டது 1540-ல். அதாவது 200 வருஷத்துக்கும் மேல் கழித்து, ஒரு சூஃபிக் கவிஞர் எழுதிய காவியம். படக்கதையில் பார்க்கும் பிள்ளைக்கு இந்த இடைவெளி தெரியாது. முஸ்லிம் அரசன் என்றால் இப்படித்தான் என்று ஒன்று மனசில் பதியும். அதே பிள்ளை வகுப்பில் இம்ரான் என்ற பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தீயில் இறங்குவதுதான் பெண்ணுக்குப் பெருமை என்பதும் சேர்ந்தே பதியும். பழைய இதழ்களில் உடன்கட்டையும் ஜௌஹரும் வருகிற இடங்களில் நிறுத்திப் பேசாமல் தாண்டாதீங்க. மீரா கதையையும் ஒரு தரம் நீங்களே படித்துப் பாருங்க. குடும்பத்தோடு மோதி வெளியேறிய மீராவை, குறை சொல்ல முடியாத மனைவியாகக் காட்ட அந்தப் புத்தகம் எவ்வளவு சிரமப்படுகிறது என்பது பெரியவர்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

நம்ம சொந்த ராஜாக்களுக்கும் இதே அளவுகோல்தான். ராஜராஜ சோழன் என்றால் எந்தப் படக்கதையிலும் யானை, கொடி, கப்பல், 1010-ல் முடிந்த பெரிய கோயில். நமக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லலை. ஆனால் சோழர் படை அனுராதபுரத்தைப் பிடித்ததையும் விகாரைகளைக் கொள்ளையடித்ததையும் சூளவம்சம் வேறு குரலில் சொல்கிறது. ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். 1025-ல் கடாரம், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா, தாக்கப்பட்டது. வகுப்பில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிற பிள்ளை, வீட்டுக்கு வந்து, "அப்போ சோழா எம்பயர்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கோபப்படாதீங்க.

படக்கதையில் வராதவர்களைத் தேடுவது இன்னும் சுவாரசியம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே, பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கொட்டு வாசிப்பவர், தையற்காரர், தச்சர், நாவிதர், கணக்கர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ஊரின் விலாசப் புத்தகம் அது. "ராஜாவைப் பத்தி மட்டும் ஏன் காமிக்ஸ் போட்டாங்க? கொட்டு வாசிச்சவர் பத்தி நீ ஒண்ணு வரையேன்" என்று சொல்லிப் பாருங்க. பத்து வயசுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும்.

தமிழா, இங்கிலீஷா?

எது கைக்குக் கிடைக்கிறதோ அது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் தமிழ்ப் பதிப்பைக் கொடுத்து, "படி" என்றால் கண்ணகி மேலேயே வெறுப்பு வரும். பிள்ளை இங்கிலீஷில் படிக்கட்டும். நீங்க தமிழில் கேளுங்க. படம் கண் முன்னால் இருப்பதால் பிள்ளைக்குப் பாதிச் சொல் தானாகப் புரியும். "இவர் யாரு? கையில என்ன? ஏன் அழறா?" இந்த மூன்று கேள்வியிலேயே ஒரு பக்கம் ஓடும்.

பெயர்களை மட்டும் நீங்க வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்க. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படித்தால் கோவலன் என்ன ஆவான் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ் வாசிக்க ஆரம்பித்திருக்கும் பிள்ளைக்குச் சுப்பாண்டி நல்ல தொடக்கம். 1980-ல் தொடங்கிய டிங்கிள் பத்திரிகையில் 1983 முதல் வரும் சுப்பாண்டி, நம்ம ஊர் அசட்டுக் கதைகளிலிருந்து எழுந்தவன். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதி அனுப்பியதிலிருந்து பிறந்து, ராம் வயீர்கர் கையால் அந்தத் தட்டைத் தலையை வாங்கிக்கொண்டு, இந்தியா முழுக்கப் பிரபலமானான். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு காலத்திலிருந்து தமிழுக்கு இந்த மாதிரி அசடுகள் மேல் தனிப் பிரியம். வசனம் குட்டி, ஜோக் உடனே புரியும், கொலையும் சாபமும் கிடையாது. உங்கள் அப்பா அம்மாவிடம் 'பூந்தளிர்' என்று சொல்லிப் பாருங்க. வாண்டுமாமா, காக்கை காளி என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வேறு கையால் வரைந்தவையும் வீட்டில் இருக்கட்டும். சென்னையின் தாரா புக்ஸ் 2011-ல் வெளியிட்ட 'சீதாஸ் ராமாயணா'வில் வங்காளத்துப் பட்டுவா ஓவியர் மொய்னா சித்ரகர் படம் வரைய, சீதையின் பக்கமிருந்து கதை போகிறது. நவயானாவின் 'பீமாயணா' அம்பேத்கர் வாழ்க்கையை கோண்ட் ஓவியத்தில் சொல்கிறது. கட்டம் போட்ட காமிக்ஸ் மாதிரியே இருக்காது. இரண்டையும் பழைய இதழ்களுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாலே, ஒரே கதைக்குப் பல முகம் உண்டு என்பது பிள்ளைக்குச் சொல்லாமல் புரியும்.

வயசு? என் கணக்கு இப்படி. ஐந்து, ஆறு வயசில் மிருகக் கதைகள், தெனாலிராமன், சுப்பாண்டி. ஏழு, எட்டில் கிருஷ்ணன், அனுமன், கண்ணகி, பக்கத்தில் நீங்க. மகாபாரதம் ஒன்பது, பத்தில். வரலாற்று இதழ்கள் அதற்கும் மேல், பள்ளியில் ஆதாரம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்த பிறகு.

இந்த மாதம் ஒரே ஒரு வேலை

வீட்டில் இருக்கும் புத்தகங்களில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது, "சாப்பிட்டியா"வுக்கு அப்புறம், அந்தக் கதையைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ பிள்ளையே கேட்கட்டும். "பாட்டி, உங்க அம்மா இந்தக் கதையை எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்கணும். "உங்களுக்குக் கதை தெரியுமா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் கண்ணு" என்று தப்பித்துவிடுவார்கள். யாரோ தனக்குச் சொன்னதைக் கேட்டால் கதை வரும். அதோடு அந்த வீடும் திண்ணையும் மண்ணெண்ணெய் விளக்கும் சேர்ந்து வரும்.

போனில் ஒலிப்பதிவை அழுத்திவிடுங்க. பாதியில் இருமினாலும் நடுவில் மறந்துபோய், "அப்புறம் என்ன ஆச்சு..." என்று தேடினாலும் அழிக்காதீங்க. பிள்ளைக்குத் தமிழ் முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்குப் புரியாதது பதினைந்து வயசில் புரியும்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமர் சித்திர கதா எங்கேயும் போய்விடாது. நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அச்சில் இருக்கும். வழக்குரை பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், கூத்து பார்த்து விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இப்போது எழுபது, எண்பது வயசு. அவர்கள் சொல்வதை யாரும் கேட்டு வைக்கவில்லை என்றால், நம்ம வீட்டைப் பொறுத்தவரை மும்பையில் வரைந்த 32 பக்கம்தான் கண்ணகி.

கேட்ட கதையை எழுதி அனுப்புங்க. பிள்ளைகள் வரைந்த படம் இருந்தால் அதையும் அனுப்புங்க. அடுத்த மாதம் இந்தப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தாக்களின் கதைகளைப் போடலாம் என்று இருக்கிறோம். ஒரே கதை பத்து விதமாக வந்தால் ரொம்ப நல்லது.